பருவம் தப்பிய பேரேரிப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடைக்கு விமான டிக்கெட் கட்டுப்படியாகவில்லை என்று நவம்பரிலோ ஏப்ரலிலோ கனடாவுக்கு வந்து இறங்கும் உறவினர்கள், நண்பர்கள், நண்பர்களின் பெற்றோர் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். தொலைபேசியில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். டொராண்டோவிலிருந்து காரில் கிளம்பி, வட அமெரிக்கப் பேரேரிகளையும் அவற்றைச் சுற்றியுள்ள அருவிகளையும் கூட்டமில்லாத மாதங்களில் பார்ப்பது பற்றி மட்டும்தான் இதில் இருக்கிறது.

பேரேரி, பேரேரி என்கிறீர்களே, நம் வீராணம் ஏரியைவிடப் பெரிதா?

சுப்பீரியர் ஏரி ஒன்று மட்டுமே ஏறத்தாழ 82,100 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவை அப்படியே உள்ளே இறக்கினாலும் சுற்றிலும் தண்ணீர் மிச்சமிருக்கும். மிச்சிகன், ஹூரான், ஈரி, ஒண்டாரியோ ஆகிய மற்ற நான்கையும் சேர்த்தால் 2,44,000 சதுர கிலோமீட்டர் வரும். அது தமிழ்நாட்டைப் போல் கிட்டத்தட்ட இரண்டு பங்கு. எதிர்க்கரை தெரியாது, அலை அடிக்கும், சரக்குக் கப்பல் போகும். உப்பு மட்டும்தான் இல்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், "ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடுகிறோம்" என்று பலர் சாதாரணமாகச் சொல்வதுதான். சுப்பீரியரை மட்டும் சுற்றவே ஏறத்தாழ 2,100 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் கன்னியாகுமரிக்குப் போகிற தூரம் அது.

ஆஃப் சீசன் என்றால் எந்த மாதங்கள்?

அக்டோபர் நடுவில் இலைகளின் நிறம் பார்க்க வரும் கூட்டம் கலைந்ததிலிருந்து மே நடு வரை. ஆனால் இதை ஒரே பருவமாக நினைப்பதில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது. அக்டோபர் கடைசியும் நவம்பரும் காற்றின் காலம்: காடு மொட்டையாக நிற்கும், ஏரி சீறும், சாலை பெரும்பாலும் நன்றாக இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை பனியின் காலம். ஏப்ரலும் மே முற்பாதியும் உருகும் காலம்: பார்க்கிற பக்கமெல்லாம் சேறு, கேட்கிற பக்கமெல்லாம் தண்ணீர்ச் சத்தம்.

அருவிதான் நோக்கம் என்றால் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து மே நடு வரை வாருங்கள். பனிதான் நோக்கம் என்றால் பிப்ரவரி. ஏரியின் கோபத்தைப் பார்க்க ஆசை என்றால் நவம்பர். மூன்றையும் ஒரே பயணத்தில் எதிர்பார்ப்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

குளிர்காலத்தில் நயாகரா முழுவதும் உறைந்துவிடுமா? படங்களில் அப்படித்தானே காட்டுகிறார்கள்?

உறையாது. தெறிக்கும் சாரல் பாறையிலும் மரத்திலும் பட்டு உறைந்து, அருவியின் மேலேயே ஓர் ஓடு போலக் கட்டிக்கொள்ளும். அதற்கு அடியில் தண்ணீர் விழுந்துகொண்டேதான் இருக்கும். ஒரே ஒரு முறை நின்றது உண்மை: 1848 மார்ச் 29 அன்று, ஈரி ஏரியிலிருந்து நயாகரா ஆறு புறப்படும் வாயில் பனிக்கட்டிகள் குவிந்து ஆற்றையே அடைத்துவிட்டன. ஒரு நாளுக்கு மேல் ஆறு வற்றிக் கிடந்தது. மக்கள் ஆற்றுப் படுகையில் இறங்கி நடந்தார்கள். இப்போது ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஏரியின் வாயில் மிதவைத் தடுப்பு ஒன்றைக் கட்டிப் பனிக்கட்டி திரண்டு வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். 1964-ல் தொடங்கிய ஏற்பாடு அது.

கீழே ஆற்றின் மேல் பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாலம் போல ஆவதும் உண்டு. ஒரு காலத்தில் அதன் மேல் கடை போட்டு வியாபாரமே நடந்தது. 1912 பிப்ரவரி 4 அன்று அது உடைந்து மூவர் இறந்த பிறகு அதில் நடப்பதைத் தடை செய்துவிட்டார்கள்.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சின்ன எச்சரிக்கை: சாரல் உங்கள் மூக்குக்கண்ணாடியிலும் உறையும். முதலில் பொடிப் பொடியாக மணல் ஒட்டியது போல இருக்கும். கையுறையால் தேய்த்தால் மங்கல் பரவுமே தவிரப் போகாது. கழற்றிச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றித்தான் மறுபடி போட வேண்டும். கேமரா லென்ஸுக்கும் இதே கதிதான்.

அப்படியானால் கோடையில் விழுகிற அதே தண்ணீர்தான் குளிரிலும் விழுகிறதா?

இல்லை. இதைப் பலர் நம்புவதில்லை. அமெரிக்காவும் கனடாவும் 1950-ல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, அருவியில் விழ வேண்டிய குறைந்தபட்சத் தண்ணீர் பருவத்தைப் பொறுத்து மாறுகிறது. ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை, பகலிலும் முன்னிரவிலும் விநாடிக்கு 1,00,000 கன அடி விட வேண்டும். மற்ற நேரங்களிலும், நவம்பர் முதல் மார்ச் வரை நாள் முழுவதும், 50,000 கன அடி விட்டால் போதும். மீதி சுரங்கக் குழாய்கள் வழியாக இரு கரைகளின் மின் நிலையங்களுக்குப் போய்விடுகிறது. ஆற்றின் இயல்பான ஓட்டம் ஏறத்தாழ 2,00,000 கன அடி என்பதால், குளிர்காலத்தில் நீங்கள் பார்ப்பது நயாகராவின் கால் பங்கு.

கால் பங்கே மலைக்க வைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஏப்ரல் பிறந்ததும் பகல் ஓட்டம் இரட்டிப்பாகிவிடுகிறது, கூட்டமோ இன்னும் வந்திருக்காது. ஏப்ரல் கடைசியை நான் விடாமல் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

படகுச் சவாரி இல்லை என்றால் போய் என்ன பயன்?

படகுகள் ஆற்றில் பனிக்கட்டி தீர்ந்த பிறகு, வசந்தத்தில் தொடங்கி நவம்பர் வாக்கில் நின்றுவிடும். கனடாப் பக்கத்தில் அருவிக்குப் பின்னால் போகும் சுரங்கப்பாதை ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். கீழ்த்தளம் மட்டும் பனிக்கட்டி சேரும்போது மூடப்படும். இரவு வண்ண விளக்குகளும் எல்லா மாதங்களிலும் உண்டு. அமெரிக்கப் பக்கம் 1885-ல் உருவான மாநிலப் பூங்கா. நுழைவுக் கட்டணம் கிடையாது, வண்டி நிறுத்தக் கட்டணம்தான். படகு இல்லை என்று வருந்துகிறவர்கள் கோட் ஐலண்ட் எனப்படும் ஆட்டுத் தீவுக்குப் போய், தண்ணீர் விளிம்பைத் தாண்டும் இடத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

நயாகராவைத் தவிர வேறு அருவி இருக்கிறதா?

கேட்டதற்கு நன்றி. நயாகராவில் வண்டியைத் திருப்பி வீட்டுக்குப் போகிறவர்கள் இழப்பது அதிகம்.

டொராண்டோவுக்கும் நயாகராவுக்கும் நடுவில் ஹாமில்டன் நகர எல்லைக்குள் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட அருவிகள் இருக்கின்றன. மேலே கடினமான சுண்ணப் பாறை, கீழே மென்மையான களிப்பாறை என்று அமைந்த ஒரே நீண்ட மலைவிளிம்புதான் ஹாமில்டன் அருவிகளுக்கும் நயாகராவுக்கும் காரணம். கீழ்ப்பாறை அரிபட, மேல்பாறை இடிந்து விழ, நயாகரா ஏறத்தாழ 12,000 ஆண்டுகளில் 11 கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது. ஹாமில்டனில் 41 மீட்டர் உயரமுள்ள டியூஸ் அருவி கோடையில் வெறும் நூலாகக் கசியும். பனி உருகும் ஏப்ரலில் பார்த்தால் இதுவா அது என்பீர்கள். பக்கத்தில் உள்ள வெப்ஸ்டர் அருவி 22 மீட்டர்தான் என்றாலும் அகலமானது. இரண்டுக்கும் முன்பதிவு கேட்பார்கள்.

வடக்கே போனால் மிச்சிகன் மாநிலத்தின் டக்வாமெனன் அருவி. உயரம் 15 மீட்டர்தான், ஆனால் 60 மீட்டர் அகலத்தில் தேநீர் நிறத்தில் விழும். அழுக்கு என்று நினைக்க வேண்டாம். மேலே உள்ள சதுப்புக் காடுகளின் மரப்பட்டைச் சாறு ஊறிய நிறம் அது. விளிம்பில் தேன் நிறமாக வளையும் தண்ணீர் கீழே விழுந்து வெள்ளை நுரையாகும். குளிர்காலத்தில் ஓரத்துப் பனிக்கட்டியும் மஞ்சளாகவே உறையும். தண்டர் பே நகருக்கு மேற்கே காக்கபெக்கா, 40 மீட்டர். அங்கிருந்து அமெரிக்க எல்லைக்கு வந்தால் இரு நாடுகளுக்கும் பொதுவான, பிஜன் ரிவர் எனப்படும் புறா ஆற்றின் உயர்ந்த அருவி, 37 மீட்டர். இந்த வட பகுதி ஆறுகள் எல்லாம் உருகும் காலத்தில்தான் முழு உருவத்தைக் காட்டும். ஏப்ரல் கடைசிக்கு இரண்டாவது காரணம் இது.

ஒரே வாரத்தில் ஐந்து ஏரிகளையும் பார்த்துவிடலாமா?

தொட்டுப் பார்க்கலாம், சுற்ற முடியாது. டொராண்டோவிலிருந்து நயாகரா போனால் ஒண்டாரியோவும் ஈரியும் ஆயிற்று. சார்னியாவில் எல்லை தாண்டி வடக்கே மேக்கினா பாலம் வரை போனால் ஒரு பக்கம் மிச்சிகன், மறு பக்கம் ஹூரான். அங்கிருந்து டக்வாமெனன், சுப்பீரியர் கரை, பிறகு சூ செயின்ட் மேரியில் மறுபடி கனடாவுக்குள் நுழைந்து சட்பரி வழியாக வீடு. எல்லாம் சேர்த்து 2,000 கிலோமீட்டரை ஒட்டி வரும். ஏப்ரல், மே என்றால் ஒரு வாரத்துக்கு இது போதுமான வேலை.

டிசம்பர் முதல் மார்ச் வரை என்றால் இதைக்கூடச் செய்ய வேண்டாம். ஹாமில்டன், நயாகரா என்று நிறுத்திக்கொண்டு, பனி பெய்யும் நாளில் விடுதியிலேயே இருங்கள்.

கனடா விசா இருக்கிறது. அமெரிக்கப் பக்கமும் போகலாம்தானே?

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் அமெரிக்க விசா தனியாக வேண்டும். கனடாவில் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் இதேதான். ஒருமுறை மட்டும் நுழையும் கனடா விசாவில் வந்தவர்கள், அமெரிக்காவுக்கு மட்டும் போய், கனடாவில் தங்க அனுமதித்த காலத்துக்குள் திரும்பினால் புதிய கனடா விசா தேவையில்லை.

அமெரிக்க விசா இல்லை என்பதற்காகச் சோர்ந்துபோக வேண்டாம். நயாகராவின் முழு முகமும் கனடாக் கரையிலிருந்துதான் தெரியும். சுப்பீரியரின் வட கரையும் பெரும்பாலும் கனடாவில்தான் இருக்கிறது.

இந்திய லைசென்ஸ் போதுமா?

மூன்று மாதத்துக்குள் தங்கும் பார்வையாளர்கள் ஒண்டாரியோ மாகாணத்தில் சொந்த நாட்டு லைசென்ஸுடன் ஓட்டலாம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. வாடகைக் கார் நிறுவனங்களுக்கும் தனி விதிகள் உண்டு. ஊரிலேயே பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை வாங்கி, அசல் லைசென்ஸுடன் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டால் எங்கும் வாதாட வேண்டியிருக்காது.

ஆனால் சட்டம் அனுமதிக்கிறது என்பதும் உங்களால் முடியும் என்பதும் வேறு வேறு. பனியில் ஓட்டிப் பழக்கமில்லாதவர் ஜனவரியில் ஸ்டியரிங் பிடிப்பதை நான் எந்த நிலையிலும் ஆதரிக்க மாட்டேன்.

வாடகைக் காரில் என்ன பார்த்து வாங்க வேண்டும்?

முதலில், எல்லை தாண்டப் போவதை எழுத்தில் சொல்லி அனுமதியும் காப்பீடும் பெறுங்கள். இரண்டாவது, டயர். ஒண்டாரியோவில் பனிக்கால டயர் கட்டாயமில்லை என்பதால், கேட்காவிட்டால் கொடுக்க மாட்டார்கள். "நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி சார், ஒன்றும் ஆகாது" என்பார்கள். நான்கு சக்கர இழுவை வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. நிறுத்துவது டயர்தான். நவம்பரிலிருந்து ஏப்ரல் நடு வரை பனிக்கால டயர் இல்லாத வண்டியில் வடக்கே போகாதீர்கள்.

வண்டிக்குள் பனி சுரண்டி, சிறு மண்வெட்டி, போர்வை, டார்ச், உறையாத வகைக் கண்ணாடி கழுவும் திரவம் ஆகியவை இருக்கட்டும். லாரிகள் வாரியடிக்கும் உப்புச் சேறு முன்கண்ணாடியை நிமிடத்துக்கு ஒருமுறை மறைக்கும்.

செயலியில் வெயில் என்று காட்டியது, இருபது கிலோமீட்டர் போனதும் பனிப்புயல். எப்படி?

அதுதான் ஏரிப்பனி. கடுங்குளிர்க் காற்று, இன்னும் சூடு ஆறாத ஏரியின் மேல் வரும்போது ஈரத்தையும் வெப்பத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. மறுகரை ஏறியதும் அத்தனையையும் பனியாகக் கொட்டுகிறது. அகலம் குறைந்த பட்டைகளாகக் கொட்டுவதால் ஓர் ஊர் புதையும்போது பக்கத்து ஊரில் வெயில் அடிக்கும். 2022 நவம்பரில், ஈரி ஏரியின் கிழக்குக் கரையில் உள்ள அமெரிக்க நகரமான பஃபலோவுக்குத் தெற்கே ஆர்ச்சர்ட் பார்க்கில் சில நாட்களில் 80 அங்குலம் கொட்டியது. பஃபலோவின் வடபுற நகர்களில் அதில் ஒரு சிறு பங்குதான்.

காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வருவதால் ஏரிகளின் கிழக்கு, தென்கிழக்குக் கரைகள்தான் ஆபத்தான இடங்கள். நவம்பர், டிசம்பர், ஜனவரியில் அடி அதிகம். ஈரி ஏரி ஆழம் குறைந்தது, மிக ஆழமான இடமே 64 மீட்டர்தான்; அதனால் சீக்கிரம் உறைந்து மூடிக்கொள்ளும். மூடிவிட்டால் ஈரம் எழும்பாது, பனியும் குறையும். 244 மீட்டர் ஆழமுள்ள ஒண்டாரியோ ஏரி முழுவதும் உறைவது அபூர்வம் என்பதால் அதன் கிழக்குக் கரையில் கடைசிவரை ஆபத்துதான். நகரத்தின் பெயரைத் தட்டி வானிலை பார்ப்பதைவிட, ராடார் படத்தில் பட்டை எங்கே விழுகிறது என்று பார்ப்பது மேல்.

சாலையை மூடிவிட்டால் வேறு வழியில் சுற்றிப் போகலாமா?

தெற்குப் பகுதிகளில் போகலாம். சுப்பீரியரின் வட கரையில் அது எளிதல்ல. சூ செயின்ட் மேரிக்கும் வாவா என்ற சிற்றூருக்கும் இடையே 225 கிலோமீட்டருக்கு 17-ஆம் நெடுஞ்சாலைதான் ஒரே நேர் வழி. புயலில் அதை மூடுவது சாதாரணம். மேற்கே நிப்பிகன் ஆற்றுப் பாலத்தில் கனடாவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் மொத்தச் சாலைப் போக்குவரத்தும் ஒரே புள்ளியில் வந்து சேர்கிறது. 2016 ஜனவரி 10 அன்று, புதிதாகத் திறந்த அந்தப் பாலத்தின் தளம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் மேலே தூக்கிக்கொண்டது. மறுநாள் ஒரு தடம் திறக்கும்வரை, நாட்டின் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்குச் சாலை வழியே போக அமெரிக்காவுக்குள் நுழைந்து வர வேண்டியிருந்தது.

ஆகவே கிளம்பும் முன் ஒண்டாரியோ 511 சாலைத் தகவல் சேவையைப் பாருங்கள். பயணத்தில் ஒரு நாளை வெறுமனே விட்டு வையுங்கள். திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாள் வாவாவில் இருக்கும்படி திட்டம் போடாதீர்கள்.

நாங்கள் ஊரில் இரவெல்லாம் ஓட்டிப் பழகியவர்கள். இரவில் ஓட்டினால் என்ன?

டிசம்பரில் வட கரையில் பகல் எட்டரை மணி நேரத்துக்கும் குறைவு. தண்டர் பேயில் சூரியன் உதிக்கவே ஒன்பது மணியை ஒட்டிவிடும். எனவே இரவு ஓட்டத்துக்கு மனம் போகும் என்பது புரிகிறது. ஆனால் அந்தி மயங்கியதும் மூஸ் எனப்படும் பெரிய மான் சாலைக்கு வரும். கறுத்த உடல், நீண்ட கால்கள். விளக்கு வெளிச்சம் கால்களில் மட்டும் படும், அதைக் கவனிப்பதற்குள் வண்டி மோதியிருக்கும். மோதினால் அந்த எடை முன்கண்ணாடி வழியாக உங்கள் மடியில் விழும். பனி உருகும் காலத்தில் சாலையோர உப்பை நக்க இன்னும் அதிகமாக வரும்.

இன்னொன்று: தண்டர் பேயைவிட, எல்லைக்கு அப்பால் உள்ள அமெரிக்க மாநிலமான மின்னசோட்டாவின் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியது. அங்குள்ள டுலூத் நகரில் டிசம்பர் மாலை நாலரைக்குள் இருட்டிவிடும்.

வழியில் விடுதி, பெட்ரோல், கழிவறை எல்லாம் கிடைக்குமா?

ஊர்களில் கிடைக்கும், ஊர்களுக்கு நடுவில் கிடைக்காது. கோடையை நம்பிப் பிழைக்கும் விடுதிகள் பல அக்டோபரில் பூட்டி மே மாதம் திறக்கும். சுப்பீரியர் மாகாணப் பூங்காவிலும் அப்படித்தான்: வாயிலும் கழிவறையும் மூடியிருக்கும், செல்போன் சிக்னலும் பல இடங்களில் இருக்காது. பாதித் தொட்டிக்குக் கீழே பெட்ரோலை இறங்க விடாதீர்கள். வரைபடத்தைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

டொராண்டோவை ஒட்டிய பகுதியில் கவலையே இல்லை. சட்பரிக்கு மேல் பீட்சா, உருளைக்கிழங்கு வறுவல், மறுபடி பீட்சா. மின்சாரக் குக்கர் எடுத்துப் போங்கள். எல்லையில் பழம், காய்கறி, இறைச்சி எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கொண்டு போகாமலே இருப்பது இன்னும் நல்லது. அமெரிக்கா போகிறீர்கள் என்றால் ஊர் அரிசியையும் விட்டுவிட்டு அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். சமைத்ததை இரவில் காரில் விட்டால் காலையில் புளிசாதத்தை உளியால் பெயர்க்க வேண்டியிருக்கும்.

அம்மாவுக்கு மூட்டு வலி, அப்பாவுக்கு எழுபது வயது. அவர்களை அழைத்துப் போகலாமா?

நயாகராவுக்குத் தாராளமாக, காரை விட்டு இறங்கி நூறு அடி நடந்தால் போதும். டக்வாமெனனில் மேல் அருவியின் காட்சிமேடை வரை நல்ல பாதை உண்டு, படிகளைத் தவிர்த்துவிடலாம். கஷ்டம் குளிர் அல்ல, வழுக்கல். காலணிக்கு அடியில் மாட்டும் இரும்புமுள் வலை கடைகளில் கிடைக்கும். வந்த முதல் நாளே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

உறைந்த ஏரியின் மேல் நடக்கலாமா? எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்களே?

பேரேரிகளில் வேண்டாம். கரையோரம் குன்று போலத் தெரிவது அலை வாரியடித்த பனிக்கட்டி; உள்ளே பொந்தும் அதன் கீழே ஓடும் தண்ணீரும் இருக்கும். விழுந்தால் ஏறி வரக் கைப்பிடி கிடையாது. காற்று திசை மாறினால் பெரும் பனித்தட்டே கரையை விட்டுக் கழன்று போகும்.

நவம்பரில் சுப்பீரியர் அலையைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பைத்தியக்காரத்தனமா?

இல்லை, எனக்கும் பிடித்த மாதம் அது. குளிர்க்காற்றும் வெதுவெதுப்பான தண்ணீரும் மோதும் காலம் என்பதால் புயல்கள் கடுமையாக எழும். 1975 நவம்பர் 10 அன்று 222 மீட்டர் நீளமுள்ள எட்மண்ட் பிட்ஸ்ஜெரால்ட் என்ற சரக்குக் கப்பல் 29 பேருடன் இந்த ஏரியில் மூழ்கியது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஆண்டுதோறும் அதே நாளில் மின்னசோட்டாவின் ஸ்பிளிட் ராக் கலங்கரை விளக்கத்தில் பெயர்களை வாசித்து விளக்கேற்றுகிறார்கள். மற்ற நாட்களில் பொதுவாக ஏற்றப்படாத விளக்கு என்பதால், அந்தத் தேதிக்கு உங்கள் பயணத்தை அமைத்துக்கொள்வது தகும். பாறையில் நின்று பார்க்காதீர்கள், ஈரமாக இருக்கும் பாறை எல்லாம் அலை எட்டிய பாறை.

மேக்கினா பாலத்தைப் பார்த்தாலே என் மனைவிக்குப் பயம். என்ன செய்வது?

1957-ல் திறந்த 8 கிலோமீட்டர் பாலம். உள் தடம் இரும்பு வலை, கீழே தண்ணீர் தெரியும். வெளித் தடத்தில் போகச் சொல்லுங்கள். அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால், பாலத்து ஊழியரே உங்கள் வண்டியை ஓட்டிக் கொண்டுபோய் அக்கரையில் விடும் ஏற்பாடு உண்டு. வெட்கப்பட வேண்டாம், பலர் கேட்கிறார்கள். பலத்த காற்றிலும், கோபுரத்திலிருந்து பனிக்கட்டி உதிரும்போதும் பாலத்தையே மூடிவிடுவார்கள்.

சரி, ஏப்ரல் கடைசி என்று முடிவு செய்துவிட்டோம். என்னவெல்லாம் இருக்காது, சொல்லிவிடுங்கள்.

இலை இருக்காது, படங்களில் காடு பழுப்பாகத்தான் வரும். வடக்கே நிழல் விழும் பாதைகளில் பனிக்கட்டி இருக்கும், மற்ற பாதைகளில் சேறு. முழங்கால் வரை ரப்பர் காலணி உதவும். நயாகராப் படகு தொடங்கியும் இருக்கலாம், ஈரியிலிருந்து பனிக்கட்டி வந்தால் தள்ளியும் போகலாம். குளிர்கால ஜாக்கெட்டை விட்டுவிட்டு வராதீர்கள், மே மாதத்திலும் அங்கே பனி பெய்யும். மே நடுவுக்குப் பின் ஒரு வாரம் தள்ளிப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: அப்போது கறுப்பு ஈக்கள் பிறந்துவிடும். காதுக்குப் பின்னால்தான் கடிக்கும்.